மைக் பட்டனுக்கு ஒரு ரிவ்யூ: தண்டையார்பேட்டை வீட்ல ஸ்மார்ட் ஸ்பீக்கர், டிவி, கேமரா

ஸ்மார்ட் ஸ்பீக்கர், அதான் பேர் சொல்லி கூப்பிட்டா பதில் பேசற ஸ்பீக்கர், அதுக்கு ரிவ்யூன்னு தேடினா எல்லாரும் பேஸ் எப்படி, சத்தம் ரூம் ஃபுல்லா வருதா, ஆஃபர்ல எவ்ளோ கம்மியா கிடைக்குதுன்னு தான் சொல்றாங்க. அதெல்லாம் சொல்ல ஆயிரம் பேர் இருக்காங்க, நான் அத பத்தி எழுத போறதில்ல. நான் எழுதறது அந்த டப்பால இருக்கற ஒரே ஒரு பட்டன பத்தி, மைக்க ஆஃப் பண்ற பட்டன். வட சென்னைல எங்கள மாதிரி வீட்ல இருக்கறவங்களுக்கு அது எப்படி வேலை செய்யுதுங்கறத வெச்சு தான் வாங்கலாமா வேணாமான்னு முடிவு பண்ணணும், மத்ததெல்லாம் அப்பால.

எங்க வீடு தண்டையார்பேட்டைல ஒரு சந்துக்குள்ள. ஒரு ஹால், ஒரு ரூம், கிச்சன், மேல மொட்டை மாடி. பக்கத்து வீட்டுக்கும் எங்களுக்கும் ஒரே செவுரு, அவங்க குக்கர் எத்தினி விசில் உட்டுச்சுன்னு எங்களுக்கு தெரியும். ஹால்ல தான் சாப்பாடு, ஹால்ல தான் தூக்கம், புள்ளைங்க ஹோம்வொர்க் எழுதறது அங்க தான், அம்மா மாசாமாசம் ஏலச்சீட்டு நடத்தறது அங்க தான், பொண்ணு பாக்க வந்தா உக்கார வெக்கறதும் அங்க தான், ஸ்டான்லி ஆஸ்பத்திரில எடுத்த ஸ்கேன் ரிப்போர்ட்ட பிரிச்சு வெச்சு எல்லாரும் பாத்து பேசறதும் அங்க தான். விளம்பரத்துல காட்டற வீட்ல ஆளுக்கு ஒரு ரூம் இருக்கும், ஸ்பீக்கர் கிச்சன் மேடைல அழகா உக்காந்துனு இருக்கும், அந்தம்மா தனியா நின்னு சமைச்சுக்கிட்டே டைமர் வெக்க சொல்லும். நம்ம வீட்ல ஹால்ல ஒரு மைக்க வெச்சா அது வீட்ல நடக்கற எல்லாத்துலயும் இருக்கு, பக்கத்து வீட்டு சண்டைலயும் பாதி இருக்கு. இத மனசுல வெச்சுக்கிட்டு படிங்க.

கம்பெனி பேர் பத்தி ஒண்ணு. எங்க வீட்ல நடந்தத சொல்லும்போது எந்த கம்பெனி ஸ்பீக்கர்னு நான் போடல, ஏன்னா நான் பாத்த வரைக்கும் இது ஒரு கம்பெனி பிரச்சனை இல்ல, இந்த மாதிரி பொருள் எல்லாத்துக்கும் பொதுவானது. வெளில செய்தியா வந்தது, கோர்ட்டுக்கு போனது, செட்டிங் எங்க இருக்குங்கறது, இதுக்கெல்லாம் பேர் சொல்லிடறேன்.

மொதல்ல இது எப்படி கேக்குதுன்னு பாத்துடலாம், ரெண்டு பக்கமும் தப்பா பேசறாங்க. ஒரு பக்கம், இருபத்து நாலு மணி நேரமும் நாம பேசற எல்லாத்தையும் ரெக்கார்ட் பண்ணி அமெரிக்காவுக்கு அனுப்பிக்கிட்டே இருக்குன்னு சொல்றவங்க. இன்னொரு பக்கம், கூப்பிட்டா தான் கேக்கும் சும்மா பயப்படாதீங்கன்னு சொல்ற கடைக்காரங்க. நெஜம் என்னன்னா, மைக் எப்பவும் ஆன்ல தான் இருக்கும், உள்ள ஒரு சின்ன ப்ரோக்ராம் அதோட பேர யாராவது சொல்றாங்களான்னு மட்டும் பாத்துக்கிட்டே இருக்கும், கொஞ்ச நேர சத்தத்த கைல வெச்சு அழிச்சு அழிச்சு புதுசு போட்டுக்கும். அதோட பேர் மாதிரி எதாவது காதுல விழுந்துச்சுன்னா லைட் எரியும், அதுல இருந்து பேசறது நெட் வழியா கம்பெனி சர்வருக்கு போவும். பிரச்சனை அந்த 'மாதிரி'ங்கறதுல தான் இருக்கு. அது பேர கண்டுபிடிக்கறது ஒரு குத்துமதிப்பு. அமெரிக்கால நார்த்ஈஸ்டர்ன் யூனிவர்சிட்டியும் லண்டன் இம்பீரியல் காலேஜும் சேந்து 2020ல ஒரு ஆராய்ச்சி வெளியிட்டாங்க, டிவி ஷோவ எல்லாம் மணிக்கணக்கா ஓட விட்டு பக்கத்துல ஸ்பீக்கர வெச்சு பாத்தா, யாரும் கூப்பிடாமலே சராசரியா மணிக்கு ஒரு தடவ கிட்ட முழிச்சுக்குச்சு. அது இங்கிலீஷ் ஷோவுக்கு. நம்ம வீட்ல சாயந்தரம் ஆறு மணில இருந்து பத்து வரைக்கும் சீரியல் ஓடும், ஆடி மாசம் ஆச்சுன்னா கூழ் ஊத்தற அன்னிக்கு விடிகாலைல இருந்து தெரு முனைல கட்டுன கோன் ஸ்பீக்கர் பாடும், அத்தனையும் அந்த மைக் காதுல விழுது.

எங்க வீட்ல நடந்தது இது. மாடி வீட்டு அக்கா ஒருத்தங்க அம்மாகிட்ட வந்து மனசு விட்டு பேசுவாங்க, வீட்டுக்காரர் குடி, அடகு கடைல வெச்ச தாலிக்கொடி, புள்ள ஃபீஸு, எல்லாம். அன்னிக்கும் அப்படி தான் கண்ணு கலங்கி பேசிக்கிட்டு இருந்தாங்க, நடுவுல யாரும் கூப்பிடாம ஸ்பீக்கர் லைட் எரிஞ்சு, புரியல திரும்ப சொல்லுங்கன்னு இங்கிலீஷ்ல சொல்லுச்சு. அக்கா டக்குனு வாய மூடிட்டாங்க. "இன்னாடி இது, யாரு கேட்டுனு இருக்கா?"ன்னு அம்மாவ கேட்டாங்க. அம்மாவுக்கு பதில் தெரியல. அதுக்கப்புறம் அந்த அக்கா வந்தா வாசப்படிலயே நின்னு பேசிட்டு போயிடுவாங்க, உள்ள வந்து உக்கார மாட்டாங்க. ஸ்பீக்கர் என் தம்பி பேர்ல ரிஜிஸ்டர் ஆயிருக்கு, டிக் அடிச்சு அக்ரீ குடுத்தது என் தம்பி. அந்த அக்கா எதுக்கும் அக்ரீ குடுக்கல. எந்த ரிவ்யூலயும் இத யாரும் சொல்லி நான் பாக்கல, இந்த பொருளோட மைக் வாங்குனவன விட வந்து போறவங்களுக்கு தான் அதிகமா நியாயம் பண்ணணும்.

அந்த அக்கா கேட்ட கேள்விக்கு இப்போ என்னால பதில் சொல்ல முடியும். 2019 ஏப்ரல்ல ப்ளூம்பெர்க்ங்கற செய்தி நிறுவனம் எழுதுனாங்க, அமேசான் எக்கோ ஸ்பீக்கர்ல பேசற அலெக்ஸாவோட ரெக்கார்டிங்ல ஒரு பகுதிய மனுஷங்க கேட்டு எழுத்துல அடிச்சு சரி பாக்கறாங்க, அந்த ஆளுங்க பாஸ்டன், கோஸ்டா ரிகா, ருமேனியா, அப்புறம் நம்ம இந்தியாலயும் இருக்காங்கன்னு. சிஸ்டத்துக்கு நல்லா புரிய வெக்கறதுக்காக ரொம்ப கொஞ்சம் மட்டும் தான் எடுக்கறோம்னு அமேசான் சொல்லுச்சு. அதே வருஷம் ஜூலைல பெல்ஜியம் நாட்டு ஒளிபரப்பு நிறுவனம் விஆர்டி, கூகுள் அசிஸ்டன்ட் ரெக்கார்டிங் ஆயிரத்துக்கு மேல கைல கெடச்சு கேட்டு பாத்தாங்க, அதுல 153 ரெக்கார்டிங் யாரும் கூப்பிடாமலே பதிவானது, படுக்கை அறை பேச்சு, புருஷன் பொண்டாட்டி சண்டை எல்லாம் அதுல இருந்துச்சு. ஆப்பிள் சிரி மேலயும் அதே சமயத்துல இந்த மாதிரி செய்தி வந்து, அதுக்கு போட்ட கேஸ் 2025ல 95 மில்லியன் டாலர் குடுக்க ஒத்துக்கிட்டு செட்டில்மென்ட்டுக்கு போச்சு, தப்புன்னு அவங்க ஒத்துக்கல. அதனால "யாரு கேட்டுனு இருக்கா"ன்னா, பெரும்பாலும் மெஷின், எப்பயாவது ஒரு மனுஷன், அதுவும் நம்ம ஊரு ஆளாவே இருந்திருக்கலாம்.

சரி, பட்டனுக்கு வரேன். நான் இத பாக்கறதுக்கு ஒரு வழி வெச்சிருக்கேன், எங்க ஆயாவ வெச்சு தான். ஆயாவுக்கு கண்ணு மங்கல், இங்கிலீஷ் தெரியாது, ஃபோன்ல பச்ச பட்டன் சேப்பு பட்டன் மட்டும் தெரியும். கீழ பாயில உக்காந்துனே ஆயாவால அந்த மைக் ஆஃப்ல இருக்கா ஆன்ல இருக்கான்னு பாத்து சொல்ல முடியணும், எழுந்து போயி யார் உதவியும் இல்லாம ஆஃப் பண்ணவும் முடியணும். ரெண்டுல ஒண்ணு முடியலன்னாலும் அந்த ஸ்பீக்கர் நம்ம ஹாலுக்கு ஃபெயில்.

இதுல அமேசான் எக்கோ டாட் பாஸ். மேல ஒரு பட்டன், அமுக்குனா சேப்பு லைட், மைக் ஆஃப்ல இருக்கற வரைக்கும் எரிஞ்சுக்கிட்டே இருக்கும். சேப்புன்னா காது மூடிக்கிச்சுன்னு ஒரு தடவ சொல்லி குடுத்தா போதும், ஆயாவுக்கு புரிஞ்சுடும். கூகுள் நெஸ்ட் மினில ஓரமா தள்ளற சுவிட்ச். எனக்கு இந்த தள்ளற சுவிட்ச் தான் ரொம்ப புடிச்சிருக்கு, ஏன்னா விரலால தடவி பாத்தே எந்த பக்கம் இருக்குன்னு தெரியும், கரண்ட் போயி வந்தாலும் தள்ளுன எடத்துல தான் நிக்கும். ஆனா சின்னதா ஓரத்துல இருக்கறதால ஆயா அத தேடணும், அதுக்கு கொஞ்சம் மார்க் கொறைக்கறேன். ஆப்பிள் ஹோம்பாட் மினில மைக்குக்குன்னு தனி பட்டனே கெடையாது, வாயால சொல்லி ஆஃப் பண்ணணும், இல்லன்னா ஃபோன்ல ஆப்புக்குள்ள போயி பண்ணணும். ஐபோன் யார்கிட்ட இருக்கோ அவங்க தான் வீட்டுக்கே மைக் ஓனர்னு ஆயிடும். பாட்டு நல்லா கேக்கும், ஒத்துக்கறேன், ஆனா என் டெஸ்ட்ல ஃபெயில்.

எந்த மாடல் வாங்குனாலும் மொத நாளே ஒரு வேலை பண்ணுங்க. மைக்க ஆஃப் பண்ணிட்டு அதோட பேர கத்தி கூப்பிட்டு பாருங்க, பதில் வரக் கூடாது. அப்புறம் ப்ளக்க புடுங்கி திரும்ப சொருகி மறுபடியும் கூப்பிட்டு பாருங்க, பட்டன் மாடலா இருந்தா இது கண்டிப்பா பாக்கணும். நம்ம ஏரியால மழை காத்து அடிச்சா கரண்ட் போயி போயி வரும், வரும்போது மைக் தானா தொறந்துக்குதாங்கறது உங்களுக்கு தெரிஞ்சிருக்கணும்.

இப்போ எங்க வீட்டு ஏற்பாடு இது தான். மைக் பகல் பூரா ஆஃப். ஆயாவுக்கு பழைய பாட்டு வேணும்னா தங்கச்சி பொண்ணு ஃபோன்ல இருந்து ப்ளூடூத்ல போட்டு உடும், ஸ்பீக்கருக்கு அது போதும். எங்க ஸ்பீக்கருக்கு தமிழும் தெரியாது, அதனால ஆயா அதுகிட்ட நேரா கேட்டதே இல்ல, எப்பவும் புள்ளைங்க மூலமா தான். யோசிச்சு பாத்தா மைக்கால எங்களுக்கு கெடச்ச பிரயோஜனம் அலாரம், மழை வருமான்னு கேக்கறது, புள்ளைங்க விளையாட்டா கேள்வி கேக்கறது, அவ்ளோ தான். மூணும் ஃபோன்ல இருக்கு. ஆனா கண்ணு தெரியாதவங்க, கை கால் வராம படுத்துட்டவங்க வீட்ல கணக்கு வேற. அவங்களுக்கு வாயால சொல்லி லைட் போடறது, ஃபேன் போடறது, புள்ளைக்கு ஃபோன் பண்றது பெரிய சுதந்திரம், அங்க மைக் ஆன்ல இருக்கட்டும்னு நானே சொல்லுவேன், அவங்க கட்டில் பக்கத்துல வெச்சுக்கட்டும், ஹால்ல வேணாம்.

மைக் ஆன்ல வெச்சு தான் ஆவணும்னா கொஞ்சம் செட்டிங்க சரி பண்ணிடுங்க. எக்கோன்னா அலெக்ஸா ஆப்புல மோர் போயி அலெக்ஸா பிரைவசி தொறங்க, அங்க நீங்க பேசுன எல்லா ரெக்கார்டிங்கும் தேதி வாரியா இருக்கும், போட்டு கேக்கலாம். வீட்ல எல்லாரையும் உக்கார வெச்சு ஒரு தடவ கேக்க வைங்க. நான் எத்தன தடவ சொல்லியும் தலையாட்டிட்டு போன அம்மா, தன் குரலே அதுல இருந்து வந்ததும் தான் நெஜமா கவனிச்சுச்சு. அதே எடத்துல ரெக்கார்டிங்க எவ்ளோ நாள் வெக்கணும்னு இருக்கும், சேவ் பண்ணாதன்னு ஒரு ஆப்ஷன் இருக்கு, அத போடுங்க. மனுஷங்க கேட்டு சரி பாக்கறதுக்கு குடுக்கற அனுமதியும் அங்கயே தனியா இருக்கும், அதையும் ஆஃப் பண்ணுங்க. ஆனா சேவ் பண்ணாதன்னு போட்டா சர்வருக்கே போவாதுன்னு நெனைச்சுக்காதீங்க. போவும், வேலை முடிஞ்சதும் அழிப்பாங்க, அவ்ளோ தான். ஸ்பீக்கருக்குள்ளயே பேச்ச புரிஞ்சுக்கிட்டு ரெக்கார்டிங்க வெளில அனுப்பாம இருக்கற ஒரு வசதி அமெரிக்கால சில எக்கோ மாடலுக்கு மட்டும் இருந்துச்சு, அதையும் 2025 மார்ச் 28ல இருந்து எடுத்துட்டாங்க. கூகுள்னா உங்க அக்கவுன்ட்ல வெப் அண்ட் ஆப் ஆக்டிவிட்டி உள்ள வாய்ஸ் ஆக்டிவிட்டின்னு ஒரு டிக் இருக்கும், அது எடுத்திருக்கான்னு பாருங்க, ஆட்டோ டெலீட்ட 3 மாசத்துக்கு வெச்சுடுங்க.

எக்கோல இன்னொன்னு டிராப் இன். நீங்க அனுமதி குடுத்த ஆளு அங்க இருந்து கூப்பிட்டா, இங்க யாரும் எடுக்காமலே மைக் தொறந்து பேச ஆரம்பிச்சுடலாம். தனியா இருக்கற வயசானவங்கள பாத்துக்க நல்ல வசதி தான். ஆனா துபாய்ல இருக்கற மச்சான் அவசரத்துக்குன்னு ஆன் பண்ணி வெச்சுட்டு போயி, இங்க இருக்கற பொண்ணுக்கு அது தெரியாம இருந்தா அது வேவு பாக்கற வேலை, அத வேற எந்த பேர் சொல்லியும் கூப்பிட முடியாது. டிவைஸ் செட்டிங்ல போயி அத ஆஃப் பண்ணுங்க, வீட்டு பொம்பளைங்க கைலயே அந்த ஆப் ஒண்ணு இருக்கட்டும். அப்புறம் கூப்பிடற பேரு. காசிமேடு ராயபுரம் பக்கம் அலெக்ஸ்ங்கற பேர் இல்லாத தெரு எது, ஒருத்தன சாப்பிட கூப்பிட்டா டப்பா முழிச்சுக்க வாய்ப்பு இருக்கு, அதனால பேர கம்ப்யூட்டர்னோ எக்கோன்னோ மாத்திடுங்க, ஆப்புலயே மாத்தலாம்.

புள்ளைங்க குரல பத்தி தனியா சொல்லணும். 2023ல அமெரிக்காவோட எஃப்டிசி (பொருள் வாங்கறவங்கள பாதுகாக்கற அரசு அமைப்பு), புள்ளைங்களோட அலெக்ஸா ரெக்கார்டிங்க காலம் பூரா வெச்சுக்கிட்டதுக்கும், அப்பா அம்மா அழிக்க சொல்லியும் முழுசா அழிக்காததுக்கும் அமேசான் மேல கேஸ் போட்டு, 25 மில்லியன் டாலர் அபராதத்துல அது முடிஞ்சுது. இங்க நம்ம புள்ளைங்க அதுகிட்ட கணக்கு கேக்குதுங்க, பேய் கதை கேக்குதுங்க, சண்ட போடுதுங்க. அழிங்கன்னு சொன்னா அழிஞ்சுதான்னு நமக்கு தெரிய வழியே இல்ல, அதனால மொதல்லயே கம்மியா குடுக்கறது தான் நம்ம கைல இருக்கு.

அடுத்து டிவி. ஸ்பீக்கருக்கு பயந்துட்டு டிவிய அப்படியே உட்டுடறாங்க. ரிமோட்ல மைக் பட்டன அமுக்கி புடிச்சு பேசற டைப்பா இருந்தா எனக்கு ஓகே, நீங்க அமுக்குனா தான் கேக்கும், ஆயா டெஸ்ட்லயும் பாஸ், ஏன்னா ரிமோட்ட தலைகாணி கீழ வெச்சுட்டா முடிஞ்சுது. சில பெரிய டிவில அது இல்லாம டிவிலயே மைக் இருக்கும், தூரத்துல இருந்து கூப்பிடலாம்னு விளம்பரம் பண்ணுவாங்க, அப்படி இருந்தா டிவிக்கு அடில சின்னதா ஒரு சுவிட்ச் இருக்கான்னு வெரல உட்டு தடவி பாருங்க, இருந்தா ஆஃப்ல வைங்க. கடைல வாங்கும்போதே இத கேளுங்க, எம்.சி.ரோடு பக்கம் நான் போன ஒரு கடைல பில் போடற அண்ணன் தானா குனிஞ்சு டிவி அடில பாத்து எந்த மாடல்ல சுவிட்ச் இருக்குன்னு பொறுமையா காட்டுனாரு, அந்த மாதிரி காட்டற கடைல நூறு ரூபா அதிகமா இருந்தாலும் வாங்கலாம்.

டிவி கேக்கறத விட பாக்கறது அதிகம். ஸ்கிரீன்ல என்ன ஓடுதுன்னு டிவியே அடையாளம் எடுத்து கம்பெனிக்கு அனுப்பும், கேபிள் பாக்ஸ்ல ஓடுனாலும் சரி, பென்டிரைவ்ல போட்டாலும் சரி. விசியோங்கற அமெரிக்க டிவி கம்பெனி கேக்காம கொள்ளாம 1 கோடியே 10 லட்சம் டிவில இத பண்ணுதுன்னு 2017ல மாட்டிக்கிட்டு 22 லட்சம் டாலர் கட்டுச்சு. சாம்சங்னா பிரைவசி செட்டிங்ல வியூவிங் இன்ஃபர்மேஷன் சர்வீசஸ், எல்ஜின்னா லைவ் ப்ளஸ், ரெண்டும் ஆஃப் பண்ணலாம், ஆஃப் பண்ணா படம் ஒண்ணும் கெட்டு போவாது. புது டிவி மொத தடவ போடும்போது வரிசையா வர்ற எல்லாத்துக்கும் அக்ரீ அமுக்கறது நம்ம டிவி மாட்ட வர்ற தம்பிங்க தான், அவங்களுக்கு அடுத்த வீட்டுக்கு போவணும். நீங்க ரிமோட்ட கேட்டு வாங்கி பொறுமையா பண்ணுங்க.

கேமரா. வீட்டுக்குள்ள வெக்கற வைஃபை கேமராவ பத்தி எனக்கு நல்ல வார்த்தை சொல்ல மனசு வரல. கொரியர் வந்தா பாக்க வாசல்ல வெச்சுக்குங்க, அதுவும் எதிர் வீட்டு கதவ பாக்காம திருப்பி வைங்க, நம்ம சந்து அகலம் எவ்ளோன்னு நமக்கு தெரியும். ஹால்ல, புள்ள தூங்கற எடத்துல, வேணாம். இந்த கேமராவுல முக்கால்வாசிக்கு மைக் உண்டு, நெறைய பேருக்கு அது தெரியறதில்ல, லென்ஸ்க்கு மூடி போட்டாலும் மைக் கேட்டுக்கிட்டு தான் இருக்கும். ரிங் கேமரா கம்பெனி மேல எஃப்டிசி 2023ல போட்ட கேஸ்ல, வேலை பாக்கறவங்களே கஸ்டமரோட வீடியோவ, படுக்கை அறை பாத்ரூம்ல வெச்ச கேமரா வீடியோவ எல்லாம் பாத்தாங்கன்னு இருந்துச்சு, 58 லட்சம் டாலர்ல முடிஞ்சுது. ஏற்கனவே வாங்கிட்டீங்கன்னா ஆப்புல ஆடியோ ரெக்கார்டிங்க ஆஃப் பண்ணுங்க, வீட்ல ஆளு இருக்கும்போது ப்ளக்க புடுங்கி வைங்க. கேமராவுக்கு இத விட நல்ல மியூட் பட்டன் இல்ல.

ஃபோன் கைல எப்பவும் இருக்கறதால அதுக்கும் ஒரு வார்த்தை. ஆண்ட்ராய்டு 12ல இருந்து பிரைவசி டாஷ்போர்டுன்னு ஒண்ணு இருக்கு, கடைசி 24 மணி நேரத்துல எந்த ஆப்பு மைக்க எப்போ தொறந்துச்சுன்னு காட்டும், மேல இருந்து இழுத்தா வர்ற பட்டன்கள்ல மைக்கையே மொத்தமா மூடற பட்டனும் சேத்துக்கலாம். மூலைல பச்சை புள்ளி எரிஞ்சா மைக்கோ கேமராவோ ஓடுதுன்னு அர்த்தம், ஐபோன்ல மைக்குக்கு ஆரஞ்சு. இத ஆயாவுக்கே சொல்லி குடுத்துட்டோம்.

கம்பெனி சர்வரே வேணாம், வீட்டுக்குள்ளயே முடியணும்னு நெனைக்கறவங்களுக்கும் வழி இருக்கு. ஹோம் அசிஸ்டன்ட்னு வீட்டு பொருள ஓட்டற ஒரு ஓப்பன் சோர்ஸ் (உள்ள எப்படி எழுதியிருக்குன்னு யாரும் பாக்கலாம்) சாஃப்ட்வேர், அவங்க 2024 டிசம்பர்ல வாய்ஸ் பிரிவியூ எடிஷன்னு 59 டாலருக்கு ஒரு சின்ன டப்பா போட்டாங்க, ஓரத்துல மைக்குக்கு நெஜமான சுவிட்ச் இருக்கு, செட் பண்ற விதத்துல பண்ணா பேச்சு வீட்ட உட்டு வெளில போவாது. ஆனா அத ஓட்ட தனியா ஒரு கம்ப்யூட்டர் எப்பவும் ஆன்ல இருக்கணும், செட்டப் பண்ண தெரிஞ்ச ஆளு வேணும். வீட்ல கம்ப்யூட்டர் படிக்கற புள்ள இருந்தா அதுக்கு ஒரு நல்ல லீவு நாள் வேலை, இல்லாதவங்க வீட்டுக்கு இப்போதைக்கு நான் சொல்ல மாட்டேன்.

சட்டம் இல்லையான்னு கேப்பீங்க. இருக்கு. அந்தரங்கம் அடிப்படை உரிமைன்னு சுப்ரீம் கோர்ட்டு 9 நீதிபதிகள் பெஞ்ச் 2017 ஆகஸ்ட் 24ல புட்டசாமி வழக்குல சொல்லிடுச்சு. அதுக்கப்புறம் 2023ல டிஜிட்டல் தனிநபர் தரவு பாதுகாப்பு சட்டம் வந்துச்சு, கம்பெனி உங்க சம்மதம் வாங்கணும், அழிக்க சொன்னா அழிக்கணும், 18 வயசுக்கு கீழன்னா பெத்தவங்க சம்மதம் வேணும், பெரிய மீறலுக்கு 250 கோடி வரைக்கும் அபராதம். விதிகள் 2025 நவம்பர்ல தான் வந்துச்சு, கம்பெனிங்களுக்கு இன்னும் டைம் குடுத்திருக்காங்க. ஆனா அந்த சட்டத்துலயே ஒரு எடம் இருக்கு, ஒரு தனி ஆளு தன் சொந்த வீட்டு உபயோகத்துக்கு வெச்சுக்கற தகவலுக்கு இது பொருந்தாதுன்னு. அதாவது உங்க ஹால்ல இருக்கற ஸ்பீக்கர் மாடி வீட்டு அக்கா பேச்ச எடுத்துச்சுன்னா, உங்கள கேள்வி கேக்க அவங்களுக்கு அந்த சட்டம் ஒதவாது. அங்க சட்டம் வராது, நாம தான் பாத்துக்கணும்.

அதனால நாங்க வீட்ல ஒரு பழக்கம் வெச்சுட்டோம். வெளியாளு யார் வந்தாலும், சொந்தமே ஆனாலும், செருப்ப கழட்டறதுக்குள்ள ஒருத்தர் எழுந்து போயி மைக் ஆஃப்ல இருக்கான்னு பாப்போம், "மைக் ஆஃப்ல இருக்குது, உள்ள வாங்க"ன்னு வாய் விட்டு சொல்லுவோம். சீட்டு ஏலம் நடக்கற அன்னிக்கு ப்ளக்கே புடுங்கிடுவோம், யார் எவ்ளோ தள்ளி எடுத்தாங்க, யாருக்கு என்ன அவசரம்ங்கறது அந்த ஹால்ல உக்காந்தவங்களோட விஷயம். மொதல்ல சிரிச்சாங்க, இப்போ அவங்களே கேக்கறாங்க. எங்க தெருல இன்னும் ரெண்டு மூணு வீட்ல இத பண்றாங்க.

மார்க்குன்னு கேட்டா, தள்ளற சுவிட்ச்சோ, மைக் ஆஃப்ல இருக்கற வரைக்கும் எரியற சேப்பு லைட்டோ இருக்கற ஸ்பீக்கருக்கு அஞ்சுக்கு நாலு, மைக் ஆஃப்ல வெச்சு பாட்டு கேக்கறதுக்கு தான் அந்த நாலு. அமுக்கி பேசற ரிமோட் டிவிக்கு மூணரை. ஹால்ல மாட்டற கேமராவுக்கு ஒண்ணு.

கடைசியா, பழசாயிடுச்சுன்னு விக்க போறவங்களுக்கு. மூர் மார்க்கெட்லயோ பர்மா பஜார்லயோ குடுக்கறதுக்கு முன்னாடி ஆப்புல உங்க அக்கவுன்ட்ல இருந்து அந்த டிவைஸ எடுத்துடுங்க, அப்புறம் ஃபேக்டரி ரீசெட் (உள்ள இருக்கறத அழிச்சு புதுசு மாதிரி ஆக்கறது) போடுங்க, ரெண்டும் பண்ணணும். நார்த்ஈஸ்டர்ன் யூனிவர்சிட்டி ஆளுங்க செகண்ட் ஹேண்டா 86 எக்கோ டாட் வாங்கி பாத்து 2021ல வெளியிட்டாங்க, அதுல 61 சதவீதம் ரீசெட் பண்ணாமலே வித்திருந்தாங்க, பழைய ஓனரோட வைஃபை பாஸ்வேர்டு எல்லாம் உள்ளயே இருந்துச்சு. ரீசெட் பண்ணதுலயும் சிப்ப கழட்டி பாத்தா கொஞ்சம் மிச்சம் எடுக்க முடிஞ்சுதாம். அதனால வித்த கையோட வீட்டு வைஃபை பாஸ்வேர்ட மாத்திடுங்க, நானூறு ஐநூறு தான் கெடைக்கும்னா விக்காம ப்ளூடூத் ஸ்பீக்கரா வீட்லயே வெச்சுக்குங்க.